சம்பந்தி கொடுத்த கன்றுகள்

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. நம்ம சம்பந்தி கையால ஒட்டுக் கட்டின கன்னு. அதுல காய்ச்சதுதான் இது."

குர்போனலி ஆப்ரிகாட் பழக்கூடையை விரிப்பின் நடுவே வைத்தார். இன்னும் சற்று நேரத்தில் ஊர் வழக்கப்படி ரொட்டியைப் பிய்த்து, அவர் மகனுக்கும் இந்த வீட்டுப் பெண் மெஹ்ரிக்கும் நிச்சயம் செய்துவிடுவார்கள்.

பெண்ணின் தகப்பன், கன்று வளர்த்து விற்கும் சைஃபிதின், தயங்கித் தயங்கி ஓர் ஆப்ரிகாட்டை வாயில் போட்டார். தேனாக இனித்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"இஸ்பரா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பழம் கிடைக்காது," என்றார் ஒருவர். "கைராசிக்காரன்ப்பா நீ, சைஃபிதின்."

"கன்னு வாங்கினா சைஃபிதின்கிட்டதான் வாங்கணும்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்," என்றார் குர்போனலி.

சைஃபிதின் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடக்கத்தைப் பாரு," என்று சிரித்தார்கள்.

ரொட்டி வந்தது. அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. "ஒரு நிமிஷம் வாங்க சம்பந்தி," என்று குர்போனலியை வீட்டுக்குப் பின்னால், நாற்றுப் பாத்திகளுக்கு நடுவே அழைத்துப் போனார்.

"ரொட்டியைப் பிய்க்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்." சைஃபிதின் பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க கன்னு வாங்கின வருஷம் பனி விழுந்து ஒட்டெல்லாம் கருகிப்போச்சு. உங்களுக்கோ வாக்குக் குடுத்துட்டேன். கொட்டையில முளைச்ச வெறும் நாத்தை எடுத்து, பட்டையைக் கீறி, நாடாவைச் சுத்தி, ஒட்டுக்கன்னுன்னு உங்க தலையில கட்டிட்டேன். வாயில வைக்க முடியாத பழம்தான் காய்ச்சிருக்கணும். இது எப்படி இனிக்குதுன்னு எனக்கே புரியல."

குர்போனலி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"முதல் காய்ப்பு அப்படித்தான் இருந்துச்சு," என்றார் தணிந்த குரலில். "உங்க சட்டையைப் பிடிக்கணும்னு நேரா இங்கதான் வந்தேன். நீங்க இல்ல. உங்க பொண்ணு உக்கார வச்சு டீ குடுத்தா. 'எங்கப்பா கட்டின ஒட்டு ஒருநாளும் பொய்க்காது மாமா'ன்னா. அந்த முகத்தைப் பாத்து என்னத்தைச் சொல்ல? அவ சொன்னது பொய்யாகிடக் கூடாதுன்னு, வீட்டுக்குப் போய் ஒவ்வொரு மரத்துக்கும் நானே மறுபடி ஒட்டுக் கட்டினேன். அது இனிச்சுப் பழுக்கற வரைக்கும்தான், பொண்ணு கேட்டு வராம காத்திருந்தேன்."