வெட்டுப்பட்ட முப்பத்தெட்டுப் பேர்

“எங்கட முப்பத்தெட்டு வாக்கை வெட்டிப்போட்டு நிம்மதியா இரிக்கிறீங்க, என்ன மிஸ்?”

மீனவர் சங்கத் தலைவர் ஜெயராஜா கேட்டது, வாக்காளர் பட்டியல் எழுதுகிற கிராம சேவகர் யசோதினியிடம். நிம்மதியாக இருக்கிற முகமாக அவருடையது தெரியவில்லை. விடியற்காலையில் இருந்து அலைந்து களைத்த முகம்.

மாதா கோயில் மண்டபத்தில் அறுபது பேர் அளவில் கூடியிருந்தார்கள். கண்டல்முனை சின்ன ஊர். மட்டக்களப்பு வாவிக் கரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கச் சனம். இரண்டு பக்கமும் பெரிய வேளாண்மைக்காரர் ஊர்கள். பிரதேச சபைக்கு எல்லை கீறினவர்கள் இந்த ஊரைப் பாதியாகப் பிளந்து, இரண்டு பக்கத்து வட்டாரங்களிலும் ஆளுக்குப் பாதி போட்டுவிட்டார்கள். இரண்டிலும் இவர்கள் சிறுபான்மை. சபையில் ஒரு உறுப்பினர் கதிரை இதுவரை கிடைத்ததில்லை. குழாய்த் தண்ணீரும் பக்கத்து ஊர்களோடு நின்றுவிட்டது.

இப்போது எல்லைகளைத் திருத்தப் போகிறார்கள். நானூறு வாக்காளர் இருந்தால் தனி வட்டாரம் தரலாம் என்று எல்லைக் குழு சொல்லியிருக்கிறது. பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் யசோதினி முப்பத்தெட்டுப் பேரை வெட்டியிருக்கிறார். நாளைக்குப் பட்டியல் போக வேண்டும்.

“அவ பக்கத்து ஊர்தானே. அவங்களுக்குச் சாதகமாத்தானே செய்வா,” என்றது பின்னால் ஒரு குரல்.

பீற்றிஸ் என்கிற அம்மா எழும்பினார். “என்ர மகன் தினுஷன்ட பேரையும் வெட்டியிரிக்கிறீங்க. அவன் கல்குடாவில கலியாணம் முடிச்சா என்ர மகன் இல்லையா?”

“மகன்தான் அம்மா. ஆனா இங்க இல்லையே. பெண்சாதி வீட்டோட போய்ப் பதினொரு வருசம். முப்பத்தெட்டுப் பேரும் அப்பிடி முடிச்சுப் போனவங்கதான்.”

அதில் பொய்யில்லை. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண், பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். பெயர் மட்டும் தாய் வீட்டுப் பட்டியலில் கிடக்கும்.

“கொஞ்சம் கண்டும் காணாம இரிந்திருக்கலாம்தானே?” என்றார் ஜெயராஜா.

“குழு வீடு வீடா வந்து பாக்கும். இல்லாத ஆளை எழுதியிருந்தா முழுப் பட்டியலையும் தூக்கி எறிஞ்சிருவாங்க. மறுகா வட்டாரமும் இல்ல, ஒண்டும் இல்ல.”

“சட்டம் கதைக்காதீங்க மிஸ்.” ஜெயராஜா எழும்பி நின்றார். அந்த ஆவேசம் நடிப்பில்லை. இந்த வட்டாரத்துக்காக ஏழு வருசம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய மனிதர். “நாங்க இஞ்சதான் வாழுறம், இஞ்சதான் சாகிறம். ஒருத்தரும் எங்களைக் கணக்கில எடுக்கல்ல. இரிக்கிற சனத்தை இல்லாத சனமா ஆக்கிறதுதான் பெரிய அநியாயம்.”

எல்லோரும் கை தட்டினார்கள்.

“அதைத்தான் நானும் சொல்ல வந்தன்,” என்று யசோதினி பட்டியலில் பேர் சேர்க்கிற படிவங்கள் ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். “மூண்டு கிழமையா வீடு வீடாப் போனன். முடிச்சுப் போனவங்களை எல்லாரும் சொன்னீங்க. முடிச்சு வந்தவங்களை ஒருத்தரும் சொல்லல்ல. மருமகன்ட பேர் எங்க எண்டு கேட்டா, ‘அவர் வந்த ஆள்தானே மிஸ்’ எண்டீங்க. இருபது வருசமா உங்களோட தோணி தள்ளுற மனிசர் அவங்க.”

பீற்றிஸ் பக்கத்தில் இருந்த மருமகனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்.

“இருபத்தஞ்சு மருமகன்மார் கையெழுத்து வெச்சுத் தந்திட்டாங்க. வெட்டினது போக மிச்சம் முன்னூற்றெழுபத்து நாலு. இதோட முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது.”

“ஒண்டு குறையுதே,” என்றார் ஜெயராஜா.

“ஓம். ஒரு வீட்டுக்கு மட்டும் நாலு தரம் போயும் ஆளைப் பிடிக்க ஏலாமப் போயிற்று. சங்க வேலையாப் போயிட்டாராம்.”

கடைசிப் படிவத்தை ஜெயராஜாவின் பக்கம் தள்ளி, அதன் மேல் பேனையையும் வைத்தார்.

“உங்கட வாக்கு இன்னும் தன்னாமுனையில உங்கட அம்மாட வீட்டிலதான் கிடக்கு, அண்ணன்.”