சித்தப்பா மகனின் நெஞ்சுவலி

"நெஞ்சை அடைக்குது டாக்டர்…"

முனகல் வந்த கட்டிலின் திரையை விலக்கிய இளம் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்துக் கிடந்தது வேறு யாருமல்ல, அவருடைய சித்தப்பா மகன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் மண்ணைக் கவ்வியவன். குடும்பத்தில் அவனுக்கு 'அட்டெம்ப்ட்' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவானே நம் டாக்டர்தான்.

"என்னடா அட்டெம்ப்ட், சீட்டுதான் கிடைக்கல, கட்டிலாவது கிடைக்கட்டும்னு வந்துட்டியா?"

"வலி இடது கைக்கு இறங்குதுண்ணே."

அதையெல்லாம் காதில் வாங்கும் நிலையில் டாக்டர் இல்லை. அவருடைய ஒரு வருடத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. தலைமை டாக்டரம்மா மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்து நடையைக் கட்ட வேண்டியதுதான். காலையிலிருந்து அந்த அம்மா கண்ணில் படுவதற்காகவே வராந்தாவில் நடந்து நடந்து அவருக்குக் கால் கடுத்தது.

பக்கத்துக் கட்டில்காரரின் புண்ணைத் தொட்ட கையோடு வந்து, சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"கை கழுவலையாண்ணே?"

"அடேங்கப்பா. பாஸ் பண்ணாதவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். உனக்கு வெறும் வாயுடா. நாலு ஏப்பம் விட்டா சரியாப் போயிடும்."

அட்டெம்ப்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். "நேத்து வேற ஆஸ்பத்திரியில முதுகு வலி. முந்தாநாள் இன்னொரு இடத்துல மயக்கம். இன்னைக்கு இங்க நெஞ்சு."

"சீக்கு வர்றதையே பொழப்பா வச்சிருக்கியா? உனக்கு ஏதோ வேலை கிடைச்சிருக்குன்னு சித்தி சொன்னாங்களே, என்ன வேலை அது?"

"வெளிய சொல்லக்கூடாதுண்ணே."

"சொல்லக் கூசுற வேலையா? கர்மம். சீட்டு கிடைக்கலன்னா உலகமா அழிஞ்சு போச்சு? மருந்துக் கடையில நில்லு. ஆம்புலன்ஸ் ஓட்டு. ஒண்ணும் தோதுப்படலையா, நாளையிலேர்ந்து என் பையைத் தூக்கிட்டு வா. இப்ப எந்திரிச்சு நடையைக் கட்டு."

சொல்லி முடிக்கவும் திரை விலகவும் சரியாக இருந்தது. தலைமை டாக்டரம்மா கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நின்றார். நிரந்தர உத்தரவேதான் என்று நம் டாக்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இந்த பேஷன்ட்டுக்கு என்ன பிரச்சனை?"

"ஒரு பிரச்சனையும் இல்ல மேடம். என் சித்தப்பா பையன்தான். நெஞ்சு வலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சும்மா நடிக்கிறான்."

"தெரியும். நடிக்கத்தான் வரவழைச்சோம்," என்ற டாக்டரம்மா, தாளையும் பேனாவையும் கட்டிலில் கிடந்தவனிடம் மரியாதையாக நீட்டினார்.

"இவருக்கு எத்தனை மார்க் போடறீங்க, சார்?"