சுவரில் இரண்டு தட்டு

எவரிஸ்தோ பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

பழைய லேத் திடுக்கிடவில்லை. பெல்ட் கிறீச்சிடவில்லை. தூக்கம் கலைந்த ஆள் மாதிரி மெல்ல அசைந்து, நிதானமாக வேகம் பிடித்தது.

தலைக்கு மேலே பல்பு மங்கவே இல்லை.

"பாத்தியா, பூனை மாதிரி எந்திரிக்குது! இனிமே உங்கண்ணன் செருப்பைக் கால்லயே போட்டுக்கலாம்." வயர்மேன் லெதெஸ்மா சிரித்தான். மிச்சமிருந்த மாத்தே டீயை உறிஞ்சிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அப்பா விட்டுப்போன லேத் யாருக்கு என்ற சண்டையில்தான் வீட்டுக்கு நடுவே அந்தச் சுவர் எழும்பியது. லேத் எவரிஸ்தோ பக்கம் நின்றுவிட்டது. அண்ணன் நிக்கனோர் பக்கம் ஜன்னல்கூட இல்லாமல் போனது. பகலிலும் விளக்கு வேண்டும். பேச்சு அன்றோடு சரி. கம்பத்திலிருந்து வருகிற மின்சாரம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது.

பழைய மோட்டார் கிளம்பினால் அண்ணன் வீட்டு விளக்கும் சேர்ந்து மங்கும். உடனே சுவரில் செருப்பால் இரண்டு தட்டு விழும். எவரிஸ்தோ வேண்டுமென்றே மோட்டாரை ஒருமுறை அணைத்துப் போடுவான். மறுபடியும் இரண்டு தட்டு. ரொசாரியோ நகரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கூத்து.

வயது ஏற ஏற அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அண்ணன் தனியாள், இருட்டில் கிடக்கிறான், அவனுக்கு எதற்கு இந்தத் தொல்லை? அதற்காகத்தான் புது மோட்டார், அதை மெல்லக் கிளப்பி மெல்ல நிறுத்த, சுவரில் இந்த டிரைவ் பெட்டி. வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வராதவன் வேறு எப்படிக் கேட்பான்?

இரும்புத் தண்டைக் கடையத் தொடங்கினான். சுவர் சும்மா இருந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு காது அந்தப் பக்கமே போய்ப் போய் வந்தது.

வாசல் வெளிச்சம் மறைந்தது.

நிக்கனோர். சுவர் எழும்பிய பிறகு அந்த வாசலை மிதிக்காதவன். மூச்சு இரைத்தது. ஒரு காலில் கயிற்றுச் செருப்பு. இன்னொன்று கையில், ஓங்கினபடியே.

"விளக்கு மங்கலையேடா... செத்துத் தொலைஞ்சிட்டியோன்னு ஓடியாந்தேன்."

தம்பியைப் பார்த்தான். புதுப் பெட்டியைப் பார்த்தான். மூலையில், பழைய இரும்புக்காரனுக்கென்று கட்டி வைத்திருந்த அந்தப் பழைய மோட்டாரைப் பார்த்தான். ஓங்கிய செருப்பு மெல்ல இறங்கியது.

எவரிஸ்தோ சிவப்புப் பொத்தானை அழுத்தினான். சுற்றுகிற லேத்துக்கு முதுகு காட்டுகிற பழக்கம் கடைசல்காரனுக்குக் கிடையாது. "இரு" என்று அவன் சொன்னது லேத் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை.

கிழட்டு மெஷின், உதறல் ஆகாது என்று, மெல்ல நிற்கும்படியே பெட்டியில் திருப்பி வைத்திருந்ததும் அவன்தான். லேத் சுற்றியது. இன்னும் சுற்றியது. கால் தன்னால் பிரேக் கட்டையைத் தேடியது. பழைய மோட்டாரோடு அதையும் கழற்றிப் போட்டாகிவிட்டது.

அது நின்றபோது வாசல் காலியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

எவரிஸ்தோ குனிந்து தன் ஷூவைக் கழற்றினான். சுவரில் இரண்டு தட்டு தட்டினான்.

பதில் தட்டுக்குக் காத்திருந்தான்.

பல்பு மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.