அசையாத தண்ணீர்

தேசிங்குவின் விலாவில் செருகிய குழாயின் மறுமுனை, கட்டிலுக்குக் கீழே பாட்டில் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. மூச்சுக்கு மூச்சு குழாய்க்குள் ஏறி இறங்க வேண்டிய தண்ணீர் அசையவில்லை. ஏனென்று நர்ஸ் மெர்லினுக்குப் புரியவில்லை. வெளியேற வழியில்லாத காற்று நெஞ்சுக்குள் சேர்ந்து நுரையீரலை நசுக்குகிறது. தேசிங்குவின் உதடு நீலம் பாரிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே துறைமுக கிரேன் உறுமுகிறது. "இன்னா சிஸ்டர், இப்டி மூச்சு வாங்கிகினு கீது?" என்கிறாள் மனைவி மங்கம்மா. மெர்லின் பாட்டிலிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே மேலே வருகிறாள். போர்வைக்கடியில், குழாயைக் கட்டில் கம்பியோடு சேர்த்து நைலான் வலைநூல் இறுக்கி நசுக்கியிருக்கிறது. "தூக்கத்துல இந்தாளு புடுங்கிப் போட்டுடும்னு நான்தான் கட்னேன். வலை முடிச்சு சிஸ்டர், இழுக்க இழுக்க இறுகும்." மெர்லின் நூலை வெட்டுகிறாள். குமிழிகள் கொப்பளிக்கின்றன; தண்ணீர் ஏறி இறங்குகிறது. குழாயைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, விலாவிலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறாள்.