எக்காளங்களுக்கு அடியில்

ரோமானியப் போரைப் பற்றிய ஒரு பழைய ஹாலிவுட் படத்தின் இசைநாடா அழிந்துவிட்டதால், படத்தின் ஒலியிலிருந்தே இசையை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை ஒலிப்பொறியாளர் எஸ்தருக்கு வந்தது. போர்க்காட்சியில் எக்காளங்களுக்கு அடியில் குதிரைகள் அலறின. படப்பிடிப்பில் அவற்றின் காலில் கம்பி கட்டி நிஜமாகவே விழவைத்திருந்தார்கள். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"சார், இதெல்லாம் சாகிற சத்தம்."

"அந்த இரைச்சலைத்தானேம்மா நீக்கச் சொன்னேன்?" என்றார் ஸ்டூடியோ முதலாளி துரைசிங்கம், விரலில் ஒட்டிய பஜ்ஜி எண்ணெயை நக்கியபடி.

பிரித்தெடுத்த இசையின் வெளியீட்டு விழாவில் அந்தப் போர்க்காட்சி இடம் வந்ததும் எஸ்தர் இசையை நிறுத்திவிட்டு, பிரித்து வைத்திருந்த குதிரைகளின் அலறலை மட்டும் ஓடவிட்டாள். துரைசிங்கம் பதறி எழுந்தார். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் கண்களை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆகா, என்ன வயலின்!" என்றார்.

அரங்கமே கைதட்டியது. துரைசிங்கமும் உட்கார்ந்து தட்டினார். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.