அறுபது கஜத்தில் தப்பிய மான்

"கொழுந்தியா, அந்த விளக்குமாத்தை வச்சுக்கிட்டு மானைச் சுடப்போறியா, இல்ல இந்தக் குடிலைப் பெருக்கப்போறியா?"

ரெய்னோ கேட்டதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஐலா சிரிக்கவில்லை. கையிலிருந்த துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். ஊரிலேயே மலிவான ரகம் அது. குழலைத் தாங்கித் தோளில் முட்டும் கட்டை வெறும் பிளாஸ்டிக், அதன்மேல் முழுக்கப் பச்சை டேப் சுற்றியிருந்தது.

"சுடத்தான் போறேன் அத்தான். சமையலுக்கு வேற ஆள் பாருங்க."

மிச்சிகனின் வடக்குக் காட்டில், அக்கா புருஷன் ரெய்னோவின் வேட்டைக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் அவள்தான் சமையல். அவர்கள் மான் கதை பேசுவார்கள், அவள் பீன்ஸ் கிண்டுவாள். இந்த வருஷம் பொறுத்தது போதும் என்று வேட்டை அனுமதி வாங்கிவிட்டாள். விடிந்தால் வேட்டை ஆரம்பம். அவள் கேட்டதோ சதுப்பு ஓரத்துப் பரண், காலங்காலமாக ரெய்னோ உட்காரும் பரண்!

குடிலின் சொந்தக்காரர் வெய்க்கோ தாடியைச் சொறிந்தார். "நூறு கஜத்துல ஒரு காகிதத் தட்டு. மூணு குண்டு. மூணும் தட்டுக்குள்ள விழுந்தா பரண் உனக்கு. ஒண்ணு வெளிய போனாலும் நீ மறுபடி கரண்டியைப் பிடிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

"கரண்டியைக் கழுவி வைங்கப்பா!" என்றான் ரெய்னோ. "போன வருஷம் நானும் இப்படியொரு மலிவுச் சரக்கை நம்பித்தானே மோசம் போனேன்? அறுபது கஜத்துல கலைமான். கொம்புல பத்துக் கிளை! என் கண்ணு சரி, கை சரி. அந்தச் சனியன்தான் கோணலாச் சுட்டுச்சு. மறுநாளே அதைக் கடைக்காரன் தலையில கட்டிட்டேன்."

அந்தப் பேச்சை வெய்க்கோ நம்பியதால்தான் ரெய்னோவின் மானம் தப்பியது. மானைத் தவறவிட்டவனின் சட்டையின் கீழ்த்துண்டைக் கத்தரித்து, பேர் எழுதிச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். வெய்க்கோவின் சட்டைத் துண்டுகளே இரண்டு தொங்கின. குற்றம் துப்பாக்கிமேல் என்றால் மட்டும்தான் மன்னிப்பு. அந்த மன்னிப்பு வாங்கிய ஒரே ஆள் ரெய்னோ. அதைச் சொல்லிச் சொல்லியே மற்றவர்களைக் கிண்டலடித்து உயிரை வாங்குவான்.

எல்லாரும் வெளியே வந்தார்கள். பனி லேசாகத் தூறியது. ஐலா மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினாள்.

தொலைநோக்கியில் பார்த்த வெய்க்கோ, "தட்டுக்குள்ளதான்," என்றார்.

ஐலா சாவதானமாக ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டாள்.

"என்ன புள்ள, காபிக் கடைக்கா வந்தே? சுடு!"

"குழல் மெல்லிசு அத்தான். சூட்டோட சுட்டா குண்டு அலையும். ஆறட்டும்."

இரண்டாவதும் தட்டுக்குள் விழுந்தது. மறுபடியும் காபி. ரெய்னோ பல்லைக் கடித்தான்.

ஐலா மூன்றாவதற்குக் குனிந்தாள். இது மட்டும் வெளியே போனால் காலம் பூராவும் பீன்ஸ்தான், கூடவே ரெய்னோவின் வாய் வேறு. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். சுட்டாள்.

வெய்க்கோ பனியில் நடந்து போய்த் தட்டை எடுத்துவந்தார். நடுவில் மூன்று ஓட்டைகள். ஒரு பிஸ்கட்டை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும்.

"அடி சக்கை!" என்று கத்தினார். கூட்டமே தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆரவாரம் செய்தது. ஐலாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ரெய்னோ தட்டைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தத் தகர டப்பாவுக்கு என்ன மந்திரம் போட்டே?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. வாங்குறப்போ குறிபார்க்கிற ஸ்கோப் லொடலொடன்னு ஆடுச்சு. திருகாணியை விரலாலேயே கழட்டலாம், அந்த லட்சணம். நல்லா முறுக்கினேன். கட்டை குழலை முட்டிக்கிட்டு இருந்துச்சு, நடுவுல காகிதம் நுழையற அளவுக்குத் தேய்ச்சு விட்டேன். அப்புறம் ஒவ்வொரு கம்பெனித் தோட்டாவா சுட்டுப் பார்த்தேன், எது ஒத்துக்குதுன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். யார் வேணா செய்யலாம்."

ரெய்னோ பெருமூச்சு விட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்தத் துப்பாக்கி மட்டும் போன வருஷம் என் கையில இருந்திருந்தா, அந்தக் கலைமான் தலை இந்நேரம் நம்ம சுவத்துல இருந்திருக்கும்!"

"இதே துப்பாக்கியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தான்."

"இதேதான்! இது இருந்தும் ஒருத்தன் தவறவிட்டா, அவன் சட்டையை நானே வெட்டுவேன்!"

ஐலா பச்சை டேப்பின் நுனியைப் பிடித்து, சர்ரென்று உரித்தாள். அடியில், கட்டைமேல் கத்திமுனையால் கீறிய எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரிந்தன: ரெய்னோ.

வெய்க்கோ கத்தரிக்கோல் எடுக்க உள்ளே ஓடினார்.

"சட்டையை வெளிய எடுங்க அத்தான்," என்றாள் ஐலா. "வெட்டி முடிச்சதும் அடுப்பைப் பாருங்க, பீன்ஸ் அடிப்பிடிக்கப் போகுது."