தோட்டத்து மண்

தீபாவளிக்கு முன்பே மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. பூங்கோதை கேட்கும்போதெல்லாம், “பாக்கலாம், இப்ப என்ன அவசரம்?” என்பான் கணவன் தயாளன். அவனுடைய காபிக்கு மட்டும் கொட்டை அரைக்க ஜெர்மனி மெஷின், நிறுக்கத் தராசு, தண்ணீரின் சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் எல்லாம் வந்து இறங்கின.

“இதெல்லாம் இல்லாம காபியே போட முடியாது” என்பான். ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டு, “மல்லிப்பூ வாசம் வருது பாரு” என்பான். சின்ன உரலில் மசாலா இடித்து இடித்துக் கை காய்த்துப்போன அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று காலை அந்த மெஷினில் ஒரு பிடி வரமிளகாயைப் போட்டு அரைத்தாள். துடைக்கவில்லை.

தயாளன் வழக்கம்போல் கொட்டையை நிறுத்து, அரைத்து, வடித்து, உறிஞ்சினான். கண்ணில் நீர் முட்டியது. இருமி முடித்துவிட்டுச் சொன்னான்.

“லேசா காரம் தெரியுது பாரேன். இந்தக் கொட்டை விளைஞ்ச தோட்டத்து மண்ணு அப்படி.”

பூங்கோதை மிளகாய் டப்பாவை எடுத்து, மெஷினில் அப்படியே கவிழ்த்தாள்.